தானே அதிர்ந்த முரசின் பொருட்டு மருதந்துறைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. நெல் விளைக. காவியாறு தன் கரைக்குள் நடக்க.

காவியாற்றின் தென்கரை முழுவதையும், வெள்ளம் திசைமாறும் ஆண்டுகளில் வடகரையில் ஒரு சிறு திட்டையும் தம் வெண்குடை நிழலில் வைத்துக் காப்பவரும், கண்டவர் அஞ்சும் வாளும் அவ்வாளைக் கண்டு அஞ்சாத நெஞ்சும் ஒருங்கே உடையவரும், பகைவர் அணுகினால் கோலின்றித் தானே அதிரும் ‘மாற்றார் நடுக்கம்’ என்னும் வீரமுரசுக்கு உரியவருமாகிய நெடுங்கொடி நாட்டு வேந்தர் திறல்மாவண்ணர் திருவாய் மலர, திருமந்திர ஓலைநாயகம் எழுதிய ஓலை இது.

மருதந்துறை நாட்டைச் செங்கோல் வழுவாது ஆள்பவரும், எம் தேவியார் ஆதிரைநல்லாருக்குத் தமையனாரும், ஆகையால் எம் வேந்தருக்கு மைத்துனரும், சென்ற பிறைநாள் தொட்டுப் பகைவரும் ஆகிய சேந்தன் நெடுங்கோ அவர்கள் இதனை நலத்தோடு கண்டருள்க. நும் நாடு செழிக்க, நும் குடி தழைக்க, நும் கால்நடை பெருக, நும் படை இருக்குமிடத்திலேயே இன்புற்றிருக்க.

சென்ற ஓலையில் நும்மீது போர் என்று எழுதினோம். அதற்கு நீர் எழுதிய மறுமொழியும் வந்து சேர்ந்தது. ‘போருக்கு வருக. வரும்போது போன தைக்கு இரவல் வாங்கிப்போன பெரிய அண்டாவையும் எடுத்து வருக’ என்று நீர் எழுதியிருந்ததை அவையில் உரக்க வாசித்தோம். தேவியார் மட்டும் சிரித்தார். அப்போர் எழுந்த வரலாற்றையும், அதனை எம் வேந்தர் வென்று முடித்த திறத்தையும் நும் செவிக்கு எட்டவைப்பதே இவ்வோலையின் நோக்கம். நடந்தது வெற்றி என்றே எழுதுக என்பது வேந்தர் கட்டளை. அவரவர் சொன்னதை அவரவர் வாய்ப்படியே எழுதுக, பூசி மெழுகினால் என் அண்ணனுக்குத் தெரிந்துபோகும் என்பது தேவியார் கட்டளை. இரண்டு கட்டளைகளுக்கும் அடங்கியே இது எழுதப்படுகிறது.

எம் வேந்தர் துயிலும் பள்ளிமாடத்துக்கு நேர்மேலே, ஒரே ஒரு சாளரம் உடைய முரசறை இருப்பதை நீர் அறிவீர். பகை வரும் செய்தி எவர் செவிக்கும் முன்னர் வேந்தர் செவிக்கு எட்டவேண்டும் என்று முன்னோர் முரசை அங்கே வைத்தார்கள். வேந்தர் முடிக்கு மேலே வேறெவர் அடியும் படலாகாது என்று அதே முன்னோர் சட்டமும் வைத்தார்கள். வேந்தர் ஊரில் இல்லாத நாளில் அவர் வாள் கட்டிலில் கிடக்கும். அதுவும் அவர் முடியாகவே கொள்ளப்படும். ஆகவே வேந்தர் ஒருவரைத் தவிர அவ்வறைக்குள் நுழைய உரிமையுள்ள உயிர் இந்நாட்டில் கிடையாது. ஆண்டுக்கொருமுறை வேந்தரே படியேறி முரசுக்குப் பூச்சூட்டுவது பழைய வழக்கம். எம் வேந்தர் முடிசூடிய நாள்முதல் கீழே நின்றே விதானத்தை நோக்கிக் கைகூப்பி வருகிறார். பணிவின் மிகுதியால் அவ்வாறு செய்கிறார் என்று புலவர்கள் பாடியுள்ளனர். முழங்காலைப் பற்றி எவரும் பாடவில்லை.

அந்த முரசறையிலிருந்து ஓரிரவு ஓசை எழுந்தது.

முதலில் ‘தும்’ என்று ஒன்று. பின்னர் கரகரவென்று சுரண்டல். பின்னர் ஏதோ ஒன்று தளத்தில் உருண்டு உருண்டு சுவரில் முட்டி நின்றது. வேந்தர் கட்டிலில் எழுந்து அமர்ந்தார். யார் அது என்று கேட்குமாறு தேவியாருக்குக் கட்டளையிட்டார். தேவியார் கேட்டார். மறுமொழியாக மீண்டும் ஒரு ‘தும்’ வந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. வேந்தர் தம் குடிமக்களின் துயரை எண்ணித் துயிலொழிந்தார் என்று அந்நாட்களின் நாட்குறிப்பில் பதிந்துள்ளோம்.

அவைக் கணியர் நந்தியார் வரவழைக்கப்பட்டு, பள்ளிமாடத்தின் நடுவே அமர்ந்து, விதானத்தை அண்ணாந்து பார்த்து இரவெல்லாம் செவிமடுத்தார். ‘தும்’ என்றது யானைப்படை என்றார். சுரண்டல் தேர்ச் சக்கரம் என்றார். உருண்டது பகைவர் தலை என்றார். இவற்றோடு அவ்வறையிலிருந்து புதுச்சோறு வடித்தாற்போன்ற ஒரு மணமும் இறங்கி வந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது ஐயமே இல்லை என்றார்; போருக்கு முன் படைக்கு வேந்தன் இடும் பெருஞ்சோற்றின் மணம் அது என்றார். மூன்று இரவு முரசு கோலின்றி அதிர்ந்தால் அந்தப் பூரணைக்குள் பகைவர்மீது போர் தொடுக்கவேண்டும், தொடுக்காத வேந்தன் முடியைக் கழற்றி வைக்கவேண்டும் என்பது எம் குலச்சட்டம்.

யார்மீது தொடுப்பது என்ற வினா எழுந்தது. கிழக்கே கடல். மேற்கே மலை, அங்கே கரடிகள் உண்டு, அரசு இல்லை. தெற்கே காடு. வடக்கே நீர் இருந்தீர். உம்மேல் எமக்கு எக்குறையும் இல்லை. வேறு அண்டைநாடு இல்லாமைதான் காரணம் என்பதை இங்கே தெளிவுபடுத்துகிறோம்.

ஓலை நும்மிடம் வந்தது. படகுத்துறை அடைக்கப்பட்டது. எம் படை தென்கரையில் போய் நின்றது. நும் படையும் வடகரையில் வந்து நின்றதாகவும், நடுப்பகலில் இரு படையினரும் எதிரெதிரே நின்று குளித்ததாகவும் அறிந்தோம்.

இனி இவ்வரலாற்றின் மையமாகிய ஏனாதி பொறையன் கூத்தனாரிடம் வருவோம். எம் நாற்படைக்கும் தலைவர் அவர். நாற்பது ஆண்டுகளாகத் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தி எம் படை அடையாத பழக்கமில்லை. போர்ப்பழக்கம் ஒன்றுதான் இனி வரவேண்டும். போர் அறிவிக்கப்பட்ட அன்று அவையே ஆர்ப்பரித்தபோது ஏனாதியார் மட்டும் தம் மீசையைத் தடவியபடி நின்றார். அவருக்கு ஒரே மகள், அல்லியங்கோதை. நும் ஊரில் யானைக்கொட்டிலை அடுத்த வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதற்குப் பல்லக்கும் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. அந்நாளில்தான் துறை அடைபட்டது. ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் சூலுற்ற பெண் ஆறு கடக்கலாகாது என்பது இருகரைக்கும் பொதுவான வழக்கம். பூரணைக்குப் பின் இரண்டே நாளில் அவளுக்கு ஒன்பது பிறக்கிறது.

வீட்டுக்குள் நுழைய வந்த ஏனாதியாரை அவர் மனைவி கொற்றியார் வாசலிலேயே நிறுத்தினார். தேவியாரிடம் பின்னர் கொற்றியாரே சொன்னது இது:

“ஊரையே காக்கிறவர் வந்திருக்காரு, உக்காருங்க. பெத்த பொண்ணை ஒரு ஆத்தைத் தாண்டிக் கூட்டியார முடியலை, இதிலே மார்பிலே என்ன பதக்கம் தொங்குது?”

“போர் வந்திருச்சு கொற்றி. நான் என்ன செய்ய?”

“எங்கே வந்துச்சு? யாரு பார்த்தா?”

“முரசு சொல்லுது.”

“முரசுக்கு வாய் இருக்கா? போய்ப் பார்த்தீங்களா?”

“மேலே போகக் கூடாதே.”

“அப்ப யாருமே பார்க்காத ஒண்ணுக்காக என் பொண்ணு அங்கே தனியா நோவெடுத்துக் கிடக்கணும். சரி. சாப்பிட வாங்க. சோறு இருக்கு, ஆனா நான் பரிமாற மாட்டேன்.”

அவ்விரவு ஏனாதியார் உண்ணவில்லை. நேரே பள்ளிமாடத்துக்கு வந்து, கணியரை நகர்ந்து அமரச் சொல்லி, நீண்ட மூங்கில் ஒன்றின் ஒரு முனையை விதானத்திலும் மறுமுனையைச் செவியிலும் வைத்து நின்றார். தும் என்றது. சுரண்டிற்று. உருண்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, மிகத் தெளிவாக, மேலே ஏதோ ஒன்று தும்மியது.

ஏனாதியார் மூங்கிலை இறக்கிவைத்தார். நாற்பதாண்டுப் பதவியில் முதன்முறையாக அவருக்கு ஒரு பகைத்தந்திரம் பிடிபட்டாற்போல் இருந்தது.

மறுநாள் அவையில் அவர் விண்ணப்பித்தார். “வேந்தே, முரசு தானே அதிரும்னு கேள்விப்பட்டிருக்கேன். தும்மும்னு கேள்விப்பட்டதில்லை. படையை ஆத்தைத் தாண்ட விடுறதுக்கு முந்தி ஒருதரம் மேலே ஏறிப் பார்த்துருவோம்.”

தும்மல் குதிரைப்படை என்றார் கணியர். எனினும் தேவியார் இடைபுகுந்து, ஏறிப் பார்ப்பதில் பழுதில்லை என்றார். ஏற உரியவர் வேந்தர் ஒருவரே ஆதலால் அவையினர் அனைவரும் வேந்தரை நோக்கினர்.

“ஏறமாட்டேன்னு நான் சொல்லலை,” என்று வேந்தர் திருவாய் மலர்ந்தார். “ஒரு சத்தம் வந்ததுன்னு அதைத் தேடிக்கிட்டு அரசன் போறது அழகான்னு கேட்கிறேன். சத்தம்தான் வந்து அரசனைப் பார்க்கணும்.”

“அது தினமும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு,” என்றார் தேவியார். “நீங்கதான் போர்வைக்குள்ளே இருக்கீங்க.”

இங்கேதான் ஏனாதியார் தம் மதிநுட்பத்தைக் காட்டினார். சட்டம் வேந்தர் முடிக்கு மேலே அடி படலாகாது என்கிறதேயன்றி முரசறையில் படலாகாது என்னவில்லை. வேந்தர் முடியை முரசறையினும் மேலே கொண்டு சென்றுவிட்டால் முரசறை கீழே ஆகிவிடும். பிறகு யாரும் அங்கே நுழையலாம். அவை வியந்தது. வேந்தர் மட்டும் வியக்கவில்லை. எவ்வளவு மேலே என்று கேட்டார்.

முதலில் பட்டத்து யானையைக் கொணர்ந்து அம்பாரியில் வேந்தரை அமர்த்திப் பார்த்தோம். அம்பாரி முரசறைச் சாளரத்தின் அடிக்கட்டைக்கே எட்டியது. ஆகவே கோயில் மதில் வேலையில் இருந்த கொத்தர்களை அழைத்து, அவர்களுடைய மூங்கில் சாரத்தை முற்றத்தில் மாடத்துக்கு எதிரே, முரசறைக்கும் ஒரு தட்டு உயரமாகக் கட்டச் செய்தோம். செங்கல் ஏற்றும் கூடைக்குப் பட்டு விரித்து அதில் வேந்தர் எழுந்தருளினார். வாளையும் மறவாமல் மடியில் வைத்துக்கொண்டார். கட்டிலில் விட்டுப்போனால் சட்டம் கட்டிலிலேயே கிடந்துவிடும். உருளையில் கயிறு ஓட, படைவீரர் பலர் இழுக்க, எம் வேந்தர் இந்நாட்டு வரலாற்றில் எவ்வேந்தரும் எய்தாத உயர்வை எய்தினார். எய்தும்போது கண்களை மூடியிருந்தார்.

உயரத்திலும் சிக்கல்கள் தோன்றின. சாமரம் வீசுவோர் தலை வேந்தர் தலைக்குக் கீழே இருக்கவேண்டும் ஆதலால் கீழ்த்தட்டில் நின்று அவர் பாதங்களுக்கு வீசினர். குடைபிடிப்பவன் கை வேந்தர் முடிக்கு மேலே போகலாமா என்ற ஆய்வு நெடுநேரம் நடந்தது. கை அடியல்ல என்று கணியர் தீர்ப்புக் கூறியபின் குடை விரிந்தது. இரவில் குடை எதற்கு என்று கீழே நின்ற ஒருவன் கேட்டதாகத் தெரிகிறது. அவன் யாரென்று தெரியவில்லை.

ஓசை இரவிலேயே எழும் ஆகையால் எல்லோரும் காத்திருந்தோம். கீழே ஏனாதியார் அகல்விளக்கும் சாவியுமாய் மாடப்படியின் அடியில் நின்றார். மேலே வேந்தர் வெண்குடையின் கீழ் வீற்றிருந்தார். நிலவு உச்சிக்கு ஏறியது. புதுச்சோற்றின் மணம் மெல்ல வந்தது; முரசறையிலிருந்து அல்ல, முற்றத்து நாவல்மரத்திலிருந்து.

வேந்தர் மூக்கை உயர்த்தினார். “ஏனாதி, சோறு மணக்குது,” என்றார். “ஆனா பின்பக்கமா மணக்குது.”

அவர் சொல்லி வாய் மூடுமுன்னர் நாவல்மரத்திலிருந்து நீண்டு கறுத்த உருவம் ஒன்று சாரத்தின் மூங்கிலில் தாவியது. நெடுநாளாகத் தான் கூரைவழி சுற்றிப்போன இடத்துக்கு இப்படியொரு குறுக்குவழி கட்டிக் கொடுத்தார்களே என்று மகிழ்ந்தாற்போல் அது மூங்கில்மேல் ஓடிவந்தது. வழியில் குடை நின்றது. குடைமேல் ஏறியது. குடை சரிந்தது. சரிந்த குடையிலிருந்து எம் வேந்தர் திருமுடிமேல் நான்கு அடியையும் ஊன்றி, ஒரு நொடி நின்று, வாலால் அவர் திருமுகத்தை வருடி, அங்கிருந்து பாய்ந்து, முரசறைச் சாளரத்துக்குள் புகுந்தது. உள்ளே ‘தும்’ என்றது.

எம் வேந்தர் அப்போது முழங்கிய முழக்கம் வடகரையில் நின்ற நும் படைக்கும் கேட்டிருக்கும். அது சினத்தின் முழக்கம். அதைக் கேட்ட எம் படையினர் வேந்தரின் சினத்துக்கு முன் நிற்கலாகாது என்று மரபறிந்து நாற்புறமும் கலைந்தனர். கயிறு பிடித்தவர்களும் கலைந்தனர்; கூடை மேல்தட்டில் அமர்ந்திருந்தமையால் வேந்தர் மட்டும் கலையவில்லை. கணியர் எங்கே போனார் என்பது மறுநாள் பகலில்தான் தெரியவந்தது.

முற்றத்தில் எஞ்சியவர் ஏனாதியார் ஒருவரே. அவருக்கும் கால்கள் ஓடத்தான் முற்பட்டன. அதை அவர் மறைக்கவில்லை. ஓடினால் காலையில் படகில் ஏறிப் போருக்குப் போகவேண்டும், மகள் பல்லக்கில் ஏறமாட்டாள் என்ற ஒரே நினைவு அவரைப் படியடியிலேயே பிடித்து நிறுத்தியது.

“ஏனாதி, என்னை இறக்கு,” என்றார் வேந்தர் மேலிருந்து.

“கொஞ்சம் பொறுங்க வேந்தே. நீங்க இறங்கினா நான் ஏற முடியாது.”

“என் தலைமேலே ஏறி மிதிச்சிருச்சுடா.”

“தெரியும் வேந்தே. இப்ப உங்க தலை மேலே இருக்கு, சட்டம் சரியா இருக்கு. அசையாம இருங்க, நான் போய்ட்டு வந்துடறேன்.”

இப்படியாக, வேந்தர் உயரத்தில் இருந்து சட்டத்தைத் தாங்க, ஏனாதியார் தாழ்வாரத்தில் இருந்து படியேறினார். பூட்டு துருப்பிடித்திருந்தது. சாவி திரும்பவில்லை. தோளால் இடித்தார். கதவு நிலையோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது. எம் நாற்படைத் தலைவர் வாழ்நாளில் தகர்த்த முதல் கதவு அது. மெய்க்கீர்த்தியில் கோட்டைக் கதவு என்று சேர்க்கப்பட்டுள்ளது.

உள்ளே தளம் முழுவதும் நாவல்கொட்டையும் பனங்கொட்டையும் சிதறிக் கிடந்தன. கால்பட்டால் உருண்டன. கணியர் எண்ணிய பகைவர் தலைகள் அவையே. நடுவே தன் கட்டிலில் மாற்றார் நடுக்கம் வீற்றிருந்தது. மேல்தோல் இறுகியே இருந்தது. அதில் ஏதாவது குதித்தால் தும் என்னும். அடித்தோலை எலிகள் என்றோ தின்றுவிட்டிருந்தன. ஏனாதியார் மண்டியிட்டு, விளக்கைத் தாழ்த்தி, கட்டிலின் அடிவழியே முரசுக்குள் எட்டிப்பார்த்தார்.

பழைய பட்டாடை ஒன்றின் கிழிசல்மேல், கண்திறந்து சில நாளே ஆன மூன்று குட்டிகளை அணைத்துக்கொண்டு, தாய் மரநாய் ஒன்று படுத்திருந்தது. புதுச்சோற்றின் மணம் அதன் உடம்பிலிருந்தே வந்தது. ஒரு குட்டி தும்மியது. தாய் ஏனாதியாரை நோக்கிப் பல்லை இளித்துச் சீறியது. ஏனாதியார் விளக்கைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு அடி பின்வாங்கி, உட்கார்ந்துவிட்டார்.

அங்கே அவருக்கு ஒன்று விளங்கியது என்று பின்னர் தேவியாரிடம் சொன்னார். காட்டில் பாம்பு உண்டு, மரத்தில் பருந்து உண்டு, வீட்டுக் கூரையில் கோலோடு மனிதர் உண்டு. யாருமே வரமாட்டார்கள் என்று சட்டம் போட்டு, வாளைக் கட்டிலில் கிடத்திக் காவல் காக்கும் அறை நாட்டிலேயே ஒன்றுதான். பிள்ளைபெற அதைத் தேர்ந்துகொண்ட உயிருக்கு எம் அவையினர் எல்லோரையும்விட எம் சட்டம் நன்றாகத் தெரிந்திருந்தது.

“ஏனாதி,” என்று சாளரத்துக்கு வெளியிலிருந்து வேந்தர் குரல் வந்தது. “எத்தனை பேர்?”

“நாலு பேர் வேந்தே.”

“ஆயுதம்?”

“பல்லு மட்டும்.”

“யாருடைய படை?”

“படை இல்லை வேந்தே. பிரசவம்.”

பிறகு வேந்தர் தாழ்ந்த குரலில், “சுகப்பிரசவமா?” என்று கேட்டருளினார். இதனை எழுதவேண்டாம் என்று அவர் சொன்னார். எழுதியே தீரவேண்டும் என்று தேவியார் சொன்னார்.

மறுநாள் அவை கூடியது. ஏனாதியார் உவகையோடு எழுந்து, அதிர்ந்தது மரநாய் குதித்தமையால் என்பது வெளிப்பட்டுவிட்டது, போரும் இல்லை, துறையைத் திறக்கலாம் என்றார். கணியர் நந்தியாரும் எழுந்தார். அவர் குளித்துப் புத்தாடை உடுத்தியிருந்தார். சட்டம் ‘கோலின்றி அதிர்ந்தால்’ என்கிறது, மரநாய் கோலன்று, ஆகவே முரசு கோலின்றியே அதிர்ந்தது, போர் நின்றபடி நிற்கிறது என்றார். அன்றியும் வேந்தர் முடிமேல் அடிவைத்த விலங்குக்குக் கழுவேற்றம் உண்டு, அதை யார் பிடிப்பது என்றும் கேட்டார். ஏனாதியாரின் முகத்தில் இருந்த ஒளி அப்படியே வற்றிப்போயிற்று. பூரணைக்கு ஒரே நாள்தான் இருந்தது.

அவர் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு, வாளோடு பேசிப் பழகிய மனிதர் சட்டத்தோடு முதன்முறை பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

“கணியர் சொல்றது முழுக்கச் சரி. முரசு பொய் சொல்லலை. பகை வந்திருக்குன்னு சொல்லிச்சு, வந்துதான் இருக்கு. வேந்தர் தலைமேலே நாலு காலையும் வெச்சுட்டு முரசுக்குள்ளேயே போய்ப் படுத்திருக்கு. இதைவிடப் பகை வேற எது? நாமதான் ஓலையை ஆள்மாத்தி அனுப்பிட்டோம். பகைவர் வடக்கே இல்லை வேந்தே, மாடியிலே இருக்காங்க. போரை அங்கே தொடுங்க.”

கணியர் சுவடியை எடுத்துப் புரட்டத் தொடங்கினார்.

எம் வேந்தர் எழுந்தார். அன்று அவர் எழுந்த எழுச்சியைக் கண்டவர் எவரும் இனி அவரைக் கேலி செய்ய இயலாது. பள்ளிமாடத்தின் நடுவே போய் நின்று, வாளை உருவி, விதானத்தை நோக்கி மும்முறை போர் அறிவித்தார். மேலிருந்து ஒரு தும்மல் வந்தது. அறைகூவல் ஏற்கப்பட்டதாகப் பதிந்தோம். உடனே, வாள் உறைக்குள் திரும்புமுன்னரே, பிள்ளைபெற்றவர்மீது எம் குலத்தார் படைக்கலம் ஓச்சியதில்லை என்பதால், தாய்க்கும் குட்டிகள் மூன்றுக்கும் அபயம் அளித்தார். அபயம் வேண்டிப் பகைவர் பணிந்தால் போர் முடிந்ததாகும். பகைவர் பணிந்தாரா என்று கணியர் கேட்டார். படுத்தே இருக்கிறார், இன்னும் எவ்வளவு பணியவேண்டும் என்றார் தேவியார்.

எம் வேந்தர் வென்றார். பூரணைக்கு முன்னரே போர் தொடுத்தும் முடித்தும், ஒரு துளிக் குருதியும் சிந்தாமல், முடியும் கழலாமல் வென்றார். நகரில் தோரணம் கட்டினோம். படையினர் கலைந்த இடங்களிலிருந்து திரும்பி வந்து ஆர்ப்பரித்தனர். ஏனாதியாருக்கு ‘முரசகம் புக்கான்’ என்னும் பட்டமும் வெண்சாமரமும் அளிக்கப்பட்டன. கொற்றியார் அன்றிரவு அவருக்குத் தாமே பரிமாறினார் என்றும், பட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை என்றும், பல்லக்கு எப்போது வரும் என்று மட்டும் கேட்டார் என்றும் அறிகிறோம். குட்டிகள் வளர்ந்து தாமே இறங்கிப் போகும்வரை வேந்தர் தேவியாரின் மாளிகையில் துயில்வார். அங்கே மேல்மாடி இல்லை.

ஆகலின், மருதந்துறை மன்னரே, இனி எம் கட்டளை கேட்பீராக.

நும்மீது தொடுத்த போர் வேறொருவருக்கு உரியது. அதை நீர் பெற்றுக்கொண்டமை நும் தவறன்று. எம் தவறு என்றும் இங்கே எழுதப்படவில்லை. அந்த ஓலையை அடுப்பிலிட்டு வெந்நீர் வைத்துக்கொள்க. எனினும் போர்முரசு அதிர்ந்து படை எழுந்தபின் திறைகொள்ளாமல் திரும்புவது எம் குலத்தில் இல்லை. மரநாயிடம் கொட்டையன்றி வேறில்லை. ஆகவே திறை நும்மிடமே கொள்ளப்படும். அது யாதெனில்:

ஏனாதி பொறையன் கூத்தனார் மகள் அல்லியங்கோதை, அவள் வயிற்றில் வளரும் ஓர் உயிர். இவ்விரண்டும் எமக்கு வேண்டும். ஓலை கண்ட அன்றே பல்லக்கு புறப்படுக. நும் படை துறையில் சும்மா நிற்பதாகக் கேள்வி. வலிய தோளினராய்த் தேர்ந்து, குலுங்காமல் நடக்கத் தெரிந்தவர்களாய்ப் பார்த்து, அவர்களே பல்லக்கைத் தூக்கிப் படகில் வைக்க. நடு ஆறு வரை நும் வீரர் துடுப்புத் துழாவுக. நடு ஆற்றிலிருந்து எம் வீரர் துழாவுவர். நீர்ச்சுழி உள்ள இடத்தில் இரு படையும் சேர்ந்து துழாவுக. அங்கே எவர் எவரைத் தோற்கடித்தார் என்ற பேச்சு வேண்டாம். தென்கரையில் ஏனாதியார் நிற்பார். அவர் கையை ஊன்றிக்கொண்டு அவள் இறங்குவாள். குழந்தை பிறந்து நாற்பது கழிந்தபின் தாயையும் சேயையும் அவள் கணவன்வீட்டார் வந்து அழைத்துப் போகலாம். அப்போது துறை திறந்திருக்கும், அதற்குப் பின்னும் திறந்திருக்கும்.

இத்திறையைத் தாழ்த்துபவர் எம் பகையைத் தேடிக்கொள்வார் என்று எழுதவேண்டும் என்றார் வேந்தர். தாழ்த்தினால் நானே படகேறி வருவேன், அண்ணிக்குச் சொல்லிவைக்க என்றார் தேவியார். இரண்டில் எது அச்சம் தருகிறதோ அதைக் கொள்க.

இவ்வோலைக்கு எம் வேந்தர் வில்லும் கொடியும் பொறித்த இலச்சினை இட்டார். இதற்குச் சான்றாக ஏனாதி பொறையன் கூத்தன் எழுத்து. ஆதிரைநல்லார் கைநாட்டு. இதைக் கொண்டுவரும் தூதனை நீர் உண்ணச்செய்து அனுப்பவேண்டியதில்லை. பல்லக்கின் முன்னே ஓடிவரச் செய்து அனுப்புக.